இடி மழை ஒரு மாலை. ஈரம் மூன்று நாள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் சுற்றுவட்டார விவசாயிகளுக்குச் சித்திரையும் வைகாசியும் இரட்டை வேலை மாதங்கள். ஒரு பக்கம் நவரை அறுப்பு முடிந்து நெல் களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் கிடக்கும். மறுபக்கம் சொர்ணவாரிக்கு நாற்று விட வேண்டியிருக்கும். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில்தான் கோடை இடி மழை வந்து விழுகிறது.

மழை பெய்த மறுநாள் காலை காற்று குளிர்ந்திருக்கும். 'இந்த வருஷம் கத்திரி அவ்வளவுதான்' என்று டீக்கடையில் பேச்சு எழும். அந்தப் பேச்சை நம்பி வேலையைத் தள்ளிப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். கோடை மழை தரும் குளிர்ச்சி பெரும்பாலும் சில நாட்களில் தீர்ந்துவிடும். அதன் பிறகு வரும் வெயில் முன்பைவிடக் கடுமையாக இருந்த ஆண்டுகள் உண்டு.

2023-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மே மாதத் தொடக்கத்தில் தமிழகம் முழுவதும் பரவலாக மழை பெய்தது. மே 4-ம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்கியபோது சென்னை, காஞ்சிபுரம் பகுதிகளில் வெயிலே தெரியவில்லை. அடுத்த வாரம் வங்கக்கடலில் 'மோக்கா' புயல் உருவானது. அது நம் பக்கம் வராமல் வடகிழக்கே நகர்ந்து மே 14-ம் தேதி மியான்மரில் கரையைக் கடந்தது. அந்த நாட்களை ஒட்டி சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மாதத் தொடக்கத்து ஈரத்தை நம்பி உழவைத் தள்ளிப் போட்டவர்களின் நிலம் அதற்குள் காய்ந்து இறுகிவிட்டது.

மழை எப்படி வருகிறது?

மார்ச் முதல் மே வரையிலான காலத்தை வானிலை ஆய்வு மையம் கோடைக்காலம் என்று கணக்கிடுகிறது. நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையிலும், அடுத்து தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் கிடைத்துவிடுகிறது. கோடை மழையின் பங்கு சிறியது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களுக்குக் கிடைக்கும் அளவுகூட வட கடலோர மாவட்டங்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் வரும் ஒவ்வொரு மழையும் முக்கியம்.

இந்த மழைக்குத் தேவையானவை மூன்று: சூடான நிலம், ஈரக் காற்று, அந்தக் காற்றை மேலே தூக்கிவிடும் ஒரு மோதல். பகல் முழுவதும் நிலம் சூடாகிறது. முற்பகலிலோ பிற்பகலிலோ வங்கக்கடலில் இருந்து கடற்காற்று உள்ளே நுழைகிறது. உள்மாவட்டங்களில் இருந்து வரும் வறண்ட மேற்குக் காற்றை அது எங்கே சந்திக்கிறதோ அங்கே காற்று மேலெழும்பி, இடி மேகம் திரளுகிறது. வானிலை அறிக்கையில் 'காற்றின் திசை மாறுபடும் பகுதி நிலவுகிறது' என்று வாசித்திருப்பீர்கள். அது இப்படிப்பட்ட சந்திப்புதான், அளவில் பெரியது.

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கடற்கரையில் இருந்து நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. மெரினாவில் கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு அது இங்கே வந்து சேர நேரம் பிடிக்கும். சில நாட்களில் மாலைதான் வரும். அதுவரை வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடற்காற்று பாதி வழியிலேயே நின்றுவிடும். அன்று வெயிலும் அதிகம்; மாலையில் இறுக்கமும் அதிகம்.

இடி மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அதனால் ஸ்ரீபெரும்புதூரில் கொட்டித் தீர்த்த மழை சுங்குவார்சத்திரத்தில் தூறலாகக்கூட விழாமல் போகலாம். இதை வானிலை அறிவிப்பின் பிழை என்று நினைக்க வேண்டாம். இடி மழையின் குணமே அப்படி.

மழைக்குப் பின் வெயில் கூடுவது ஏன்?

முதல் காரணம், மேகம் விலகுவது. மே மாதத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வானம் தெளிந்துவிட்டால் முழு வெயிலும் நிலத்தில் இறங்கும். மண்ணில் ஈரம் இருக்கும் வரை அந்த வெப்பத்தின் ஒரு பகுதி ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகும். மேல் மண் காய்ந்ததும் மொத்த வெப்பமும் மண்ணையும் காற்றையும் சூடாக்கத் திரும்பும்.

இரண்டாவது காரணம், காற்று மாறுவது. வங்கக்கடலில் புயலோ தாழ்வு மண்டலமோ உருவாகி நம்மை விட்டு விலகிப் போகும்போது ஈரப்பதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நமக்கு உள்நாட்டில் இருந்து வறண்ட மேற்கு, வடமேற்குக் காற்று வீசும், கடற்காற்று தாமதமாகும். 2023-ல் நடந்தது இதுதான். 2003 மே மாதத்திலும் வங்கக்கடலில் ஒரு புயல் உருவானது. அது இலங்கையின் இரத்தினபுரி பகுதியில் பெருமழையையும் மண்சரிவையும் ஏற்படுத்தியது. பின்னர் மியான்மர் பக்கம் போய்விட்டது. அதன் பிறகு ஆந்திரத்தில் வெப்ப அலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் மே 31-ம் தேதி 45 டிகிரி செல்சியஸ் பதிவானது.

எல்லா மே மாதப் புயலும் இப்படி வெயிலை விட்டுச் செல்வதில்லை. 2016-ல் 'ரோனு' கரையை ஒட்டியே வடக்கே நகர்ந்ததால் சென்னை, காஞ்சிபுரம் பகுதிகளுக்கு நல்ல மழை கிடைத்தது. ஆகவே 'வங்கக்கடலில் தாழ்வு மண்டலம்' என்ற செய்தியைக் கேட்டதும் மழை வரும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது எந்தத் திசையில் நகரும் என்று சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மியான்மர், வங்கதேசம் பக்கம் என்றால் வெயிலுக்கு ஆயத்தமாகுங்கள்.

மூன்றாவதாக, நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை கழனியும் மேய்க்காலுமாக இருந்த நிலம் இன்று தொழிற்சாலைக் கூரை, கான்கிரீட் தளம், ஆறுவழிச் சாலை, வீட்டு மனை. இவை பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெதுவாக வெளியிடும். இரவு குளிராவிட்டால் பயிரும் கால்நடையும் மனிதரும் இளைப்பாற முடியாது. வானிலை அறிக்கையில் பகல் வெப்பநிலையைப் போலவே 'குறைந்தபட்ச வெப்பநிலை'யையும் பாருங்கள்.

அறிவிப்பை வாசிக்கும் முறை

'ஓரிரு இடங்களில்' மழை என்றால் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரைதான் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். உங்கள் ஊரில் பெய்யாமல் போகும் வாய்ப்பே அதிகம். அறுத்த நெல்லைப் பாதுகாக்க இந்த அறிவிப்பே போதும். அதை நம்பி நாற்றுக்குத் தண்ணீர் விடாமல் இருப்பது கூடாது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் மழை அளவை மட்டும் குறிப்பவை அல்ல. இடி, மின்னல், பலத்த காற்று, வெப்ப அலை ஆகியவற்றுக்கும் உண்டு. 'அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம்' என்ற வரியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழைக்குப் பிந்தைய நாட்களில் இந்த வரி அடிக்கடி வரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது. 37 டிகிரியே 40 டிகிரி போல வாட்டும்.

சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் அதை வெப்ப அலை என்கிறார்கள். கடலோர நிலையங்களுக்கு 37 டிகிரியே அளவு. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது.

கைபேசியில் மூன்று செயலிகளை வைத்துக்கொள்ளுங்கள். 'மேக்தூத்' செயலியில் மாவட்டவாரியான வேளாண் வானிலை ஆலோசனை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் தமிழில் வரும். 'தாமினி' செயலி நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் அபாயத்தைக் காட்டும். 'டி.என். அலர்ட்' மாநிலப் பேரிடர் மேலாண்மைத் துறையின் செயலி. இவற்றோடு சென்னை வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் அறிவிப்பையும் கவனியுங்கள். இடி மழையைப் பொறுத்தவரை ஐந்து நாள் முன்னறிவிப்பைவிட இந்த மூன்று மணி நேர அறிவிப்பே களத்தில் அதிகம் உதவும்.

மழைக்கு முன்: நவரை நெல்

கதிர் முற்றி, மழை அறிவிப்பும் இருந்தால் அறுப்பைத் தள்ளிப் போடாதீர்கள். மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் வேண்டும். அதற்கு வாடகையும் கூடுதல், காத்திருப்பும் கூடுதல். முன்கூட்டியே வடிகால் வெட்டி, மடையைத் திறந்து வையுங்கள். சாய்ந்த பயிரில் தண்ணீர் தேங்கினால் ஓரிரு நாளில் கதிரிலேயே முளை கிளம்பிவிடும்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கான வரம்பு 17 சதவீதம். அறுவடை இயந்திரத்தில் இருந்து இறங்கும் நெல் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஒரு மழை நனைத்துவிட்டால் அதைத் திரும்ப 17-க்குக் கொண்டுவர இரண்டு மூன்று நாள் களமும் ஆளும் வேண்டும். எனவே நிலையத்தில் உங்கள் முறை எப்போது என்று உறுதி செய்துகொண்டு அதற்கேற்ப அறுப்பு நாளைத் திட்டமிடுங்கள். திறந்தவெளியில் குவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை வந்தால் குவியலின் அடியில் செங்கல்லோ மரச்சட்டமோ வைத்து உயர்த்துங்கள். சுற்றிலும் சிறிய வாய்க்கால் வெட்டி விடுங்கள். மேலே தார்ப்பாய் போட்டால் மட்டும் போதாது. மழைநீர் பெரும்பாலும் அடியில்தான் புகும். தார்ப்பாய் மானியத்தில் இருக்கிறதா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

மழை நின்றதும் அடிக்கும் வெயிலில் நெல்லை அவசரமாகக் காய வைப்பதும் தவறு. கொதிக்கும் தார்ச்சாலையில் மெல்லிய அடுக்காகப் பரப்பினால் மேலே காய்ந்து உள்ளே வெடிப்பு விழும். அரைக்கும்போது நொய் அதிகமாகும். காலையிலும் மாலையிலும் காய வைத்து, உச்சி வெயிலில் குவித்து மூடி, ஓயாமல் கிளறி விடுங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையிலும் அதன் அணுகு சாலையிலும் நெல் காய வைப்பது உயிருக்கே ஆபத்து. ஊர்ப் பொதுக் களம், பள்ளி மைதானம், பயன்பாட்டில் இல்லாத மனைப்பிரிவின் தளம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். ஊராட்சி முன்கூட்டியே ஓர் இடத்தை ஒதுக்கினால் பலருக்கும் உதவும்.

வாழை வைத்திருப்பவர்கள் குலை தள்ளிய மரங்களுக்குச் சவுக்கு அல்லது மூங்கில் முட்டுக் கொடுங்கள். இடி மழைக்குச் சற்று முன் வீசும் காற்று திடீரென்று வரும். மழை தொடங்கிய பிறகு ஓடிப் போய் முட்டுக் கொடுக்க முடியாது. அது மின்னல் விழும் நேரமும் கூட.

மின்னல்: அரை மணி நேரம் பொறுங்கள்

இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று வினாடி என்றால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்திருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வயலுக்குத் திரும்பாதீர்கள். மழை நின்றுவிட்டதே என்று மாட்டை அவிழ்க்கப் போன நேரத்தில் உயிர் போன சம்பவங்கள் ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் வருகின்றன.

தனி மரத்தடியில், குறிப்பாகப் பனை, புளி, வேம்பின் கீழே ஒதுங்கக் கூடாது. நான்கு பக்கமும் திறந்த கொட்டகையும் பாதுகாப்பு ஆகாது. கான்கிரீட் வீடு நல்லது. மேல்கூரை மூடிய கார், வேன், பஸ்ஸும் நல்லது. இரு சக்கர வாகனமும் கூரையில்லாத டிராக்டரும் ஆபத்து. மோட்டார் அறைக்குள் இருந்தால் சுவிட்ச், ஸ்டார்ட்டர், இரும்புக் குழாய் எதையும் தொடாதீர்கள். மண்வெட்டி, இரும்புக் கம்பியைக் கீழே வைத்துவிடுங்கள். கிணறு, ஏரி, தண்ணீர் நிற்கும் வயலை விட்டு உடனே வெளியேறுங்கள்.

நம் பகுதியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தொழிற்பேட்டைகளின் காலி இடங்களில் ஆடு, மாடு மேய்ப்பவர்கள் பலர். நீளமான கம்பிவேலியில் எங்கோ விழும் மின்னல் வேலி முழுவதும் ஓடும். மாட்டைக் கம்பிவேலியில் கட்டாதீர்கள். மின் கோபுரத்தின் கீழே நிற்காதீர்கள். காற்றில் மின்கம்பி அறுந்து கிடந்தால் அருகில் போகாமல் மின்னகம் எண்ணுக்கு, 94987 94987, தெரிவியுங்கள்.

மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்காது. தொட்டுத் தூக்கலாம். மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தி முதலுதவி செய்துகொண்டே 108-ஐ அழையுங்கள். உடனே செய்தால் பிழைக்க வைக்க முடியும்.

மழைக்குப் பின்: மூன்று நாள் வேலை

ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். தொழிற்சாலைகளுக்கு ஓடும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் எட்டு லாரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவும் உங்கள் ஏக்கருக்குப் பணம் கொடுக்காமல் கிடைத்தது. மே மாத வெயிலில் ஈரமான நிலம் முதல் மூன்று நாட்களில்தான் வேகமாகத் தண்ணீரை இழக்கும். அதற்குள் செய்ய வேண்டிய முதல் வேலை உழவு.

'சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்' என்ற சொலவடை காரணம் இல்லாமல் வரவில்லை. கோடை உழவில் மேல் மண் உடைந்து புழுதியாகும்போது அடியில் இருந்து ஈரம் மேலேறும் வழி அறுபடுகிறது. அடுத்த மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறது. கோரைக் கிழங்கும் களை வேரும் மேலே வந்து காய்கின்றன. நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணுக்கு மேலே வந்து வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. மழைக்குப் பின் வரும் வெயில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் நமக்குத் துணை.

பதம் பார்த்து உழுங்கள். ஒரு கைப்பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்தில் இருந்து போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். உருண்டையாகவே கிடந்தால் ஒரு நாள் பொறுங்கள். சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை அண்டை வெட்டிக் கட்டுங்கள்.

சொர்ணவாரி போடாமல் சம்பாவுக்குக் காத்திருக்கும் நிலத்தில் ஏக்கருக்கு சுமார் 20 கிலோ தக்கைப்பூண்டு விதைக்கலாம். ஒன்றிரண்டு தண்ணீர் கொடுக்க வசதி இருந்தால் போதும். 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுதுவிடலாம். சம்பா நாற்று நடவுக்கு முன் மக்கிவிடும்.

இங்கே ஆள் பிரச்சினை உண்டு. வீட்டில் பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். டிராக்டர் எல்லாருக்கும் ஒரே நாளில் தேவைப்படுகிறது. மழை பெய்த பிறகு ஆள் தேடினால் ஈரம் போய்விடும். அறிவிப்பு வந்த அன்றே டிராக்டர்காரரிடம் சொல்லி வையுங்கள். பக்கத்துக் கழனிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் வரிசையாக உழுதால் வண்டி வந்து போகும் நேரமும் டீசலும் மிச்சம். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்கு டிராக்டர் கிடைக்கும்.

இரண்டாவது வேலை, தண்ணீரின் வழியைப் பார்ப்பது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரிநீர் ஒன்றில் இருந்து ஒன்றாகச் செம்பரம்பாக்கம் நோக்கிப் போகிறது. ஒரகடம், மணிமங்கலம் பக்கத்து நீர் அடையாற்றின் தலைப்பகுதிக்குப் போகிறது. தொழிற்சாலைக் கூரையிலும் சாலையிலும் விழும் மழை மண்ணில் இறங்காமல் ஒரே நேரத்தில் ஓடி வரும். வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தச் சாலைக் குழாய் மண் மூடியிருக்கிறது என்பதைக் கோடை மழையே காட்டிக்கொடுக்கும். எங்கே தண்ணீர் தேங்கியது, எந்தப் பக்கம் திரும்பிக் கழனிக்குள் புகுந்தது என்று அன்றே படம் எடுத்து, தேதி குறித்து, ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் மனுவாகக் கொடுங்கள். ஐப்பசியில் வெள்ளம் வந்த பிறகு கேட்பதைவிட வைகாசியில் கேட்டால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

வெயில் திரும்பும்போது

சொர்ணவாரி நாற்றங்காலுக்கு மாலையில் தண்ணீர் கட்டுங்கள். பகலில் சூடேறித் தேங்கிய தண்ணீர் இளநாற்றின் குருத்தை வேக வைக்கும். அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் வையுங்கள். நெற்பயிர் பூக்கும் தருணத்தில் வெப்பநிலை 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் சரியாகச் சேராமல் பதர் அதிகமாகும். தாமதமாக நட்ட நவரை கடும் வெயிலில் பூத்தால் இந்த இழப்பு நேரும். அந்த நாட்களில் வயல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு நவரையை உரிய காலத்தில் முடிப்பதே இதற்கு நிரந்தரத் தீர்வு.

கத்தரி, வெண்டை, மிளகாய், மல்லிகைக்கு வைக்கோல் அல்லது காய்ந்த இலை மூடாக்கு இடுங்கள். மழை நாட்களின் ஈரத்தில் இலைப்புள்ளி வரலாம். வெயில் ஏறியதும் இலைப்பேன், செஞ்சிலந்தி பெருகும். வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மருந்து தெளிப்பதானால் மாலையில் தெளியுங்கள். மழை அறிவிப்பு இருக்கும் நாளில் மருந்தும் மேலுரமும் வீண்.

கால்நடை வளர்ப்போர் இரண்டு ஆபத்துகளை மறக்கக் கூடாது. கோடை மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை ஆடுகள் வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி நோய் தாக்கும். தடுப்பூசி போடாத மந்தை என்றால் உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வறட்சியில் வாடிக் கிடந்து மழையில் துளிர்த்த சோளப்பயிரில் நச்சு இருக்கும். பூ எடுக்கும் முன் அதில் மாட்டை மேய விடாதீர்கள். கறவை மாடுகளைக் காலை 10 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்குப் பிறகும் மேய விடுங்கள். குளிர்ந்த தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்கட்டும். எருமை கருநிறம் என்பதாலும் வியர்வைச் சுரப்பி குறைவு என்பதாலும் வெயில் தாங்காது. உடம்பில் தண்ணீர் தெளியுங்கள். சந்தேகங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

உங்கள் உடம்பும் முக்கியம். இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, தூங்காமலே அறுப்புக்கோ உழவுக்கோ போகிறவர்கள் இந்தப் பகுதியில் பலர். தூக்கம் இல்லாத உடம்பில் வெயில் சீக்கிரம் ஏறும். அன்று காலை இரண்டு மணி நேர வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களும் பகல் 12 முதல் 3 மணி வரை வயலில் இறங்க வேண்டாம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் மோர், உப்பிட்ட கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள். ஒருவர் பேச்சுக் குழறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டு மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்து 108-ஐ அழையுங்கள்.

இழப்பு நேர்ந்தால்

பயிர்க் காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கட்டணமில்லா எண் 14447. அறுத்து வயலில் பரப்பி உலர வைத்த நெல்லுக்கு அறுவடையில் இருந்து 14 நாள் வரை பருவம் தவறிய மழைக்கான பாதுகாப்பு உண்டு. இது வயலில் கிடக்கும் விளைச்சலுக்குத்தான் என்பதை நினைவில் வையுங்கள். இயந்திரத்தில் அறுத்து வெளியே கொண்டுபோய்க் குவித்த நெல்லை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். மாடு, ஆடு மின்னலில் இறந்தால் அகற்றும் முன் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்துச் சான்று பெறுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

கடைசியாக, விரிவாக்கப் பணியாளர்களுக்கும் விவசாயக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஒரு மழைமானி வையுங்கள். வாங்க முடியாவிட்டால் நேர்ச்சுவர் கொண்ட ஒரு டப்பாவும் அளவுகோலும் போதும். காலை 8.30 மணிக்கு அளந்து, மழை எத்தனை மி.மீ., எந்தத் தேதி, மேல் மண் எத்தனையாம் நாளில் காய்ந்தது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலைந்து கோடை எழுதி வைத்தால், உங்கள் ஊர் மண்ணில் ஒரு மழையின் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த இடி மழையன்று டிராக்டரை எந்த நாளுக்குச் சொல்ல வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.